மயக்கமும் மூச்சின் வழியும்

தமிழ் பயில்வார்க்கு மருத்துவக் கருவிகளோடு யாது தொடர்பு என்று நண்பர்கள் வினவலாம். தொல்காப்பியர், உள்ளிருந்து எழும் காற்று மிடறு, நா, அண்ணம் முதலியவற்றைச் சார்ந்து எழுத்தொலியாவதைப் பிறப்பியலில் விளக்குகின்றார். மொழி பிறக்கும் அவ்வழியே உயிர்மூச்சு இயங்கும் வழியுமாம். விழித்திருக்குங்கால் அதனை நாம் எண்ணாமலே காத்துக்கொள்ளுகிறோம். மயக்கமருந்து ஏறியபின்னோ தசைகள் தளர்கின்றன. நா பின்னே சரிந்து தொண்டையை அடைக்கின்றது. இருமித் தற்காத்துக்கொள்ளும் ஆற்றலும் ஒழிகின்றது. ஆதலின் அறுவை மருத்துவத்தில் கத்தியை எடுக்குமுன் காக்கப்படவேண்டியது மூச்சின் வழியேயாகும்.

இதற்கு முதற்கருவி மருத்துவரின் கையே. தலையைச் சற்றுப் பின்சாய்த்துக் கீழ்த்தாடையை முன்னுயர்த்தின் நாவும் உடனெழும், வழி திறக்கும். அத்தொழிலுக்குத் துணையாக 1933-ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர் ஆர்தர் குவெடெல் ஒரு வளைகுழலை வெளியிட்டார். அது வாயினுள் நாவின்மேல் வளைந்து கிடந்து, அதனைப் பின்சரியாவண்ணம் தாங்கும்.

ஆயின், இரைப்பையிலுள்ள உணவு மேலெழுந்து நுரையீரலிற் புகுவதை அது தடுக்கமாட்டாது. அதற்கு மூச்சுக்குழலினுள்ளேயே குழாய் செலுத்தல் வேண்டும். 1878-இல் கிளாஸ்கோ நகரில் வில்லியம் மக்கியூவன் வாய்வழியே அவ்வாறு செலுத்தி மயக்கமளித்தார். முதல் உலகப்போரில் முகம் சிதைந்த வீரர்களின் பொருட்டு மகில், ரோபாதம் என்னும் இருவர் இம்முறையை வளர்த்தனர். 1943-இல் மக்கின்டாஷ் அமைத்த வளைந்த அலகுடைய கருவி, குரல்வளையைக் கண்ணாற்கண்டு குழாயைச் செலுத்த உதவிற்று. குழாயின் நுனியருகேயுள்ள சிறு காற்றுப்பை உப்பிச் சுற்றிடைவெளியை அடைக்கும். குழாய் தவறி உணவுக்குழலிற் சென்றால் உயிர்க்கு இறுதியாம். ஆகவே வெளிவரும் மூச்சில் கரியமிலவாயு தொடர்ந்து காணப்படுகின்றதா என்று அளந்து தெளிவர்.

1981-இல் லண்டனில் ஆர்ச்சி பிரெய்ன் கண்ட குரல்வளை முகமூடியோ, மூச்சுக்குழலினுட் புகாது அதன் வாயிலைச் சூழ்ந்து அமர்வது. பொருத்துதற்கு எளிது, எனினும் இரைப்பை நிறைந்தார்க்கு ஏற்றதன்று.

இவ்வேறுபாடு நோயாளிக்கும் தெரிந்திருத்தல் நன்று. கல்வராயன் மலையின் வெள்ளிமலை முதலிய ஊர்களிலிருந்து பெரிய அறுவைக்கு வருவோர் நெடுவழி கடந்து கீழிறங்கவேண்டும். கள்ளக்குறிச்சியில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரி 12-இல் திறக்கப்பெற்றது. அத்தகைய இடத்தை அடையுமுன், வழிக்களைப்பு நீங்கச் சிறிது கஞ்சி வார்ப்பது உறவினரின் அன்பே. ஆயினும் முன்குறித்த அறுவைக்கு ஆறு மணிநேரம் உணவும், இரண்டு மணிநேரம் தண்ணீரும் விலக்குதல் பொதுவிதி. கஞ்சியும் பாலும் உணவின்பாற்படும். இப்பசி தண்டனையன்று, நுரையீரலுக்கு இடும் காவல்.

விபத்திலும் இடர்ப்பட்ட பிள்ளைப்பேற்றிலும் இவ்விதியைக் கடைப்பிடிக்க நேரமிராது. அப்பொழுது, உண்டதை உண்டதென்றே மறையாது உரைப்பின், மருத்துவர் முகமூடியை விடுத்துக் குழாயைத் தேர்வர். உண்ணவில்லையென்று அஞ்சிக் கூறும் ஒரு பொய், நல்ல கருவியையும் பயனிலதாக்கிவிடும். மயக்கத்தில் நா தளருமுன் அது கூறவேண்டிய மெய் இஃதொன்றே.