போர்ட் பண்ணினால் டவர் வந்துவிடுமா?

"அண்ணே, நம்ம பக்கம் எந்த சிம்முக்கு நல்லா டவர் கெடைக்கும்?" ராமநாதபுரத்து செல்போன் கடைகளில் நாள்தோறும் கேட்கும் கேள்வி இது. கடைக்காரரும் தயங்காமல் ஒரு பெயரைச் சொல்லிவிடுவார். அந்தப் பெயர் அவருடைய அனுபவத்திலிருந்து வந்திருக்கலாம். அந்த மாதம் எதற்குக் கமிஷன் கூடுதல் என்பதிலிருந்தும் வந்திருக்கலாம். சிக்கல் பதிலில் இல்லை, "நம்ம பக்கம்" என்பதில்தான் இருக்கிறது. உச்சிப்புளியும் ஏர்வாடியும் தங்கச்சிமடமும் ஒரே மாவட்டம்தான். சிக்னலுக்கு மாவட்டம் தெரியாது. உங்கள் வீட்டுக்கும் பக்கத்துக் கோபுரத்துக்கும் நடுவே என்ன இருக்கிறது என்பதே அதற்குக் கணக்கு.

"ஊரெல்லாம் எடுக்குது, என் வீட்டில் எடுக்காதா?"

எடுக்காமல் போகலாம். 700, 850, 900 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அலைவரிசைகள் தொலைதூரம் போகும், சுவரையும் ஓரளவு துளைக்கும். 2300, 3500 போன்ற உயர்ந்த அலைவரிசைகளில் வேகம் அதிகம், ஆனால் கான்கிரீட்டைக் கண்டால் சோர்ந்துவிடும். தெருவில் நின்றால் 5ஜி பறக்கும். அடுப்படிக்குள் போனால் பேச்சு அறுந்து அறுந்து கேட்கும். கீழக்கரையின் தடித்த சுவர் வைத்த பழைய வீடுகளில் இது இன்னும் மோசம். தகரக் கூரைக்கும் சிக்னலுக்கும் ஒத்தே போகாது. கீற்றுக் கொட்டகைக்குள் இருப்பவர் இந்த விஷயத்தில் மட்டும் கொடுத்துவைத்தவர்.

ஒவ்வொரு நிறுவனமும் தன் சேவை எங்கெங்கே கிடைக்கிறது என்ற வரைபடத்தை இணையத்தில் வெளியிட வேண்டும் என்பது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2024ஆம் ஆண்டு விதி. போய்ப் பார்க்கலாம். ஆனால் அந்த வண்ணப்பூச்சு உங்கள் வீட்டு உள்ளறை வரை வந்து அளந்து பூசியதல்ல. எனக்குத் தெரிந்து நம்பகமான சோதனை ஒன்றுதான். இன்றைய போன்களில் பெரும்பாலும் இரண்டு சிம் போடலாம். மாற நினைக்கும் நிறுவனத்தின் புது சிம் ஒன்றை வாங்கி, ஒரே ஒரு மாதத்துக்கு ரீசார்ஜ் செய்து இரண்டாவதாகப் போட்டுவையுங்கள். அடுப்படி, உள்ளறை, மாடி என்று எல்லா இடத்திலும் பேசிப் பாருங்கள். ஊரே வீடியோ பார்க்கும் இரவு எட்டு மணியிலிருந்து பத்து மணி வரை பாருங்கள். ராமேசுவரத்துக்காரர் என்றால் தை அமாவாசை, ஆடி அமாவாசை நாட்களை விட்டுவிடுங்கள். அக்னி தீர்த்தக் கரையில் அவ்வளவு கூட்டம் நிற்கும்போது எந்த நிறுவனமும் திணறத்தான் செய்யும். அதை வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாது.

வீட்டில் பைபர் இணைப்பு இருந்தால் நிறுவனம் மாறவே தேவையில்லாமல் போகலாம். போன் அமைப்பில் வைஃபை காலிங் என்று ஒன்று இருக்கும். அதைத் திறந்துவிட்டால் அழைப்பு கோபுரத்தைத் தேடாமல் வைஃபை வழியே போகும். ஏர்டெல் 2019 டிசம்பரிலும் ஜியோ அதற்கடுத்த மாதமும் இதைத் தொடங்கின. கூடுதல் கட்டணம் கிடையாது. வளைகுடாவில் இருக்கும் மகனிடம் பேசுவதற்காக வைஃபை போட்ட எத்தனையோ வீடுகளில், உள்ளூர் அழைப்புக்கு மட்டும் இன்னமும் மாடிப்படி ஏறிக்கொண்டிருக்கிறார்கள்.

ஆன்லைனில் விற்கும் சிக்னல் பூஸ்டரை மட்டும் வாங்கிவிடாதீர்கள். அனுமதியில்லாமல் அதைப் பொருத்துவது சட்டப்படி குற்றம். உங்களுக்கு இரண்டு கோடு கூடும். தெருவுக்கே கோபுரத்தோடு உள்ள தொடர்பு கெடும்.

"கம்பெனி மாறினா டவரும் மாறும்"

இது பாதிதான் சரி. ஒரே கோபுரத்தில் இரண்டு மூன்று நிறுவனங்கள் கருவிகளைத் தொங்கவிட்டிருப்பது இங்கே சாதாரணம். இண்டஸ் டவர்ஸ் போன்ற நிறுவனங்களின் தொழிலே கோபுரத்தை வாடகைக்கு விடுவதுதான். வடகிழக்குப் பருவமழையில் கரண்ட் போய், பேட்டரி தீர்ந்து, டீசல் வராமல் கோபுரம் படுத்தால் அதில் இருக்கும் எல்லா நிறுவனமும் சேர்ந்தே படுக்கும். மழைக்காலத்தில் மட்டும் சிக்னல் போகிறது என்றால், போர்ட் செய்யும் முன் உங்கள் நிறுவனமும் பக்கத்து வீட்டுக்காரரின் நிறுவனமும் ஒரே நேரத்தில் போகிறதா என்று கவனியுங்கள். சேர்ந்து போனால் மாறிப் பயனில்லை.

"பிஎஸ்என்எல்லுக்குப் போனா செலவு பாதி"

2024 ஜூலை தொடக்கத்தில் ஜியோ, ஏர்டெல், வோடபோன் ஐடியா மூன்றும் ஒரே வாரத்தில் கட்டணத்தைக் கூட்டின. ஜியோவின் 155 ரூபாய்த் திட்டம் 189 ஆனது. ஏர்டெல்லின் 179 ரூபாய் 199 ஆனது. பிஎஸ்என்எல் கூட்டவில்லை. அந்த ஒரே மாதத்தில் நாடெங்கும் ஏறத்தாழ 29 லட்சம் பேர் பிஎஸ்என்எல்லில் கூடினார்கள். ஆண்டு முடிவதற்குள் காற்று திசை மாறி, மறுபடி ஆட்கள் குறையத் தொடங்கினார்கள். அப்போது பிஎஸ்என்எல்லின் 4ஜி பல இடங்களில் வந்திருக்கவில்லை. அதன் உள்நாட்டு 4ஜியைப் பிரதமர் முறைப்படி தொடங்கிவைத்தது 2025 செப்டம்பர் 27இல்தான். விலை பொய்யில்லை, அந்த விலைக்கு அன்று கிடைத்தது என்ன என்பதை யாரும் கேட்கவில்லை. இன்று நிலைமை வேறாக இருக்கலாம், அதையும் இரண்டாவது சிம்மே சொல்லட்டும்.

செலவைக் கணக்கிடுவதில் இன்னொரு ஏமாற்றம் இருக்கிறது. 28 நாள் திட்டத்தை மாதக் கட்டணம் என்று நினைக்கிறோம். ஆண்டுக்கு அது 12 அல்ல, 13 ரீசார்ஜ். ஆகவே விலையை நாளால் வகுத்துப் பாருங்கள். 28 நாளுக்கு 189 ரூபாய் என்றால் ஒரு நாளைக்கு 6 ரூபாய் 75 காசு. நெட் வேண்டாம், பேசினால் போதும் என்கிற பெரியவர்களுக்கு டிராய் 2024 டிசம்பரில் ஒரு வழி செய்தது: இணையம் இல்லாத, பேச்சும் குறுஞ்செய்தியும் மட்டும் உள்ள திட்டத்தை எல்லா நிறுவனமும் தர வேண்டும். அடுத்த மாதமே 84 நாளுக்கு 450, 470 ரூபாய் அளவில் அவை வந்தன. ஒரு நாளைக்கு ஐந்தரை ரூபாய்தான். கடைகளில் இதைத் தாமாக எடுத்துச் சொல்பவர் குறைவு. கேட்டுத்தான் வாங்க வேண்டும். விசைப்படகுக் குடும்பங்களுக்கும் ஒரு யோசனை. ஏப்ரல் 15இல் தொடங்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் கையில் காசு வராது. அதற்கு முன்பே 84 நாள் திட்டம் போட்டுவிட்டால் தடை முடியும்வரை போன் உயிரோடு இருக்கும்.

"அந்த சிம் போட்டா நடுக்கடலிலும் எடுக்கும்"

எந்த சிம்மும் எடுக்காது. 40 மீட்டர் உயரக் கோபுரத்துக்குப் பூமியின் வளைவு விடும் எல்லை ஏறத்தாழ 26 கிலோமீட்டர். அலையாடும் வல்லத்தில் நிற்பவர் கையிலுள்ள போனின் பலம் அதற்கும் முன்பே தீர்ந்துவிடலாம். ஒரு நிறுவனத்துக்கும் இன்னொன்றுக்கும் சில கிலோமீட்டர் வித்தியாசம் இருக்கும், அவ்வளவே. அதை நம்பிக் கடலோடக் கூடாது. ஆபத்துக்கு விஎச்எஃப் ரேடியோ கருவியின் 16ஆம் சேனல்தான். சிக்னல் எட்டும் தூரத்தில் இருந்தால் கடலோரக் காவல்படையின் 1554.

தனுஷ்கோடியில் எதிர்ப்பயம். "இலங்கை டவர் பிடிச்சு காசெல்லாம் போயிரும்" என்பார்கள். அரிச்சல்முனையில் இலங்கை நிறுவனங்களின் பெயர் திரையில் தெரிவது உண்மைதான். குறுக்கே மலையோ கட்டடமோ இல்லாத கடல்வெளி. ஒரு காலத்தில் இந்தக் கரை வீடுகளுக்கு இலங்கை வானொலியும் பிறகு ரூபவாகினியும் வந்த அதே வழி. ஆனால் சர்வதேச ரோமிங்கை நீங்கள் திறந்து வைக்காதவரை அந்த நெட்வொர்க் உங்களைச் சேர்த்துக்கொள்ளாது, காசும் போகாது. வெளிநாடு போய்வந்து ரோமிங்கை மூடாமல் விட்டவர்தான் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். அவர் நெட்வொர்க் தேர்வைத் தானியங்கியிலிருந்து மாற்றி, தன் நிறுவனத்தையே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். ஊர் திரும்பியதும் அதைப் பழையபடி தானியங்கிக்கு மாற்ற மறக்கக் கூடாது. புயல் நேரங்களில், எந்த நிறுவனத்தின் கோபுரம் பிழைத்திருக்கிறதோ அதில் மற்ற நிறுவன சிம்களும் பேச அரசு வழிவிடுவதுண்டு. தானியங்கியில் இல்லாத போனுக்கு அந்த உதவி எட்டாது.

"நம்பர் போயிரும், பேங்க்கெல்லாம் மாத்தணும்"

எண் போகாது. எண்ணை மாற்றாமலே நிறுவனம் மாறும் இந்தப் போர்ட் வசதி நாடு முழுவதும் 2011 ஜனவரி 20 முதல் உண்டு. 2018 பிப்ரவரியில் ஏர்செல் முடங்கியபோது தமிழ்நாட்டில் பெருங்கூட்டமே இப்படி மாறியது. 98424, 98655 என்று தொடங்கும் ஏர்செல் எண்கள் இன்றும் வேறு நிறுவனங்களில் ஒலிக்கின்றன. அன்று பட்ட பாடு வேறு: போர்ட் கேட்டு குறுஞ்செய்தி அனுப்பவே சிக்னல் இல்லை. ஆகவே கோடு தெரியும்போதே மாறுவது நல்லது.

ஆங்கிலத்தில் போர்ட் என்று அடித்து, ஓர் இடம் விட்டு, உங்கள் எண்ணைச் சேர்த்து 1900க்கு அனுப்பினால் எட்டு எழுத்துக் குறியீடு வரும். அது நான்கு நாள் செல்லுபடியாகும். ஆதாரோடு கடைக்குப் போனால் மாநிலத்துக்குள் மூன்று வேலை நாளில் மாறிவிடும். வங்கிக் கணக்கும் ஆதாரும் அப்படியே இருக்கும். ஜிபே, போன்பே மட்டும் புது சிம்மைப் பார்த்ததும் இன்னொரு முறை சரிபார்க்கச் சொல்லும். பழைய சிம்மில் மிச்சமிருக்கும் நாட்களும் பணமும் போய்விடும், அதனால் திட்டம் முடியும் தறுவாயில் மாறுங்கள். அந்தக் குறியீட்டைப் போனில் கேட்கிறவர் யாராக இருந்தாலும் சொல்லாதீர்கள். சிம் தொலைந்து புது சிம் வாங்கியிருந்தால் ஏழு நாள் பொறுக்க வேண்டும். ஒரு நிறுவனத்துக்கு மாறியபின் அங்கே 90 நாள் இருந்தாக வேண்டும். இரண்டாவது சிம்மில் சோதித்துப் பார்க்கச் சொன்னது இதற்காகவும்தான்.

நடைமுறையில் பலர் மாட்டிக்கொள்வது வேறிடத்தில். சிம் அப்பா பெயரில் இருக்கும், அப்பா சவூதியில் இருப்பார். எண் யார் பெயரிலோ அவர்தான் கைரேகை வைக்க வேண்டும். உங்கள் பெயரில் எத்தனை இணைப்புகள் ஓடுகின்றன என்பதை அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் பார்க்கலாம். அப்பா விடுமுறைக்கு ஊர் வந்தால் முதல் வாரமே கடைக்குக் கூட்டிப் போய்விடுங்கள்.