வீட்டைப் பார்த்து ஸ்பீக்கர் கொடுங்கள்

மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் தேருக்கு ஒலிபெருக்கி கட்டிப் பழகிய கைக்கு, உக்குவளையில் ஒரு வீட்டு விறாந்தையில் அலெக்சாவுக்கு ஸ்பீக்கர் பொருத்துவது சின்ன வேலையாகத் தெரியும். ஆனால் அங்கே சத்தம் தூரம் போனால் போதும். இங்கே பாட்டு ஓடும்போதும் கருவிக்கு வீட்டுக்காரரின் குரல் கேட்க வேண்டும். இந்தத் தொழிலில் இறங்கும் இளைஞர்கள் விலை சொல்லுமுன் பார்க்க வேண்டியவை இவை.

1. முதலில் ஜாக்
2020இல் வந்த நான்காம் தலைமுறை எக்கோ டொட்டில் 3.5 மி.மீ. ஜாக் உண்டு. 2022இன் ஐந்தாம் தலைமுறையில் இல்லை. கூகுள் நெஸ்ட் மினியிலும் இல்லை. ஜாக் இல்லையென்றால் புளூடூத் உள்ள அம்ப் அல்லது ஸ்பீக்கர்தான் வழி. வாடிக்கையாளரிடம் இருக்கும் கருவியைக் கையில் எடுத்துப் பார்க்காமல் எதையும் வாங்கச் சொல்லாதீர்கள்.

2. ஓர் அறையா, பல அறையா?
ஓர் அறைக்கு அம்ப் உள்ளேயே அமைந்த ஸ்பீக்கர் சோடி போதும். சீகிரியாப் பக்கம் ஹோம்ஸ்டே நடத்துபவர் சாப்பாட்டு அறைக்கும் விறாந்தைக்கும் கேட்டால்தான் தனி அம்ப் தேவை. அப்போது ஓம் கணக்கு முக்கியம்: இரண்டு 8 ஓம் ஸ்பீக்கரைச் சமாந்தரமாக இணைத்தால் 4 ஓம். அம்ப் 4 ஓமைத் தாங்காவிட்டால் சூடேறிப் பழுதாகும்.

3. பெட்டியில் உள்ள எண்ணை நம்பாதீர்கள்
பி.எம்.பி.ஓ. வாட் விளம்பரக் கணக்கு, ஆர்.எம்.எஸ். வாட்டையே பாருங்கள். ஸ்பீக்கரின் உணர்திறனையும் பாருங்கள். 86 டெசிபல் ஸ்பீக்கர் 10 வாட்டில் தரும் சத்தத்தை 89 டெசிபல் ஸ்பீக்கர் 5 வாட்டிலேயே தரும்.

4. எப்போதும் விழித்திருக்கும் அம்ப்
சத்தமில்லாதபோது தானாக உறங்கும் அம்ப், பதிலின் முதல் சொற்களை விழுங்கிவிடும். அந்த வசதியை நிறுத்தக்கூடிய அம்பைத் தேர்ந்தெடுங்கள். ஆனால் சும்மா இருக்கும்போதே 10 வாட் இழுக்கும் அம்ப், மாதத்துக்கு 7 யூனிட்டுக்கு மேல் எரிக்கும். மாதம் 60 யூனிட்டைத் தாண்டினால் கட்டண வரிசையே மாறும் நாட்டில் இதைச் சொல்லாமல் விற்பது நியாயமல்ல. சும்மா இருக்கையில் குறைவாக இழுக்கும் டி வகுப்பு அம்ப் இங்கே பொருந்தும்.

5. வைக்கும் இடம்
குரல் கருவியையும் ஸ்பீக்கரையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். ஒரு மீற்றராவது விலக்குங்கள். பருவமழைகளுக்கு இடைப்பட்ட மார்ச்-ஏப்ரல், ஒக்டோபர்-நவம்பர் மாதங்களில் மின்னல் அதிகம். எர்த் சரியா என்று பாருங்கள். இடி தொடங்குமுன் ப்ளக்கைக் கழற்றும்படி வீட்டில் எல்லோருக்கும் சொல்லுங்கள்.

6. ஒப்படைக்கும் நாள்
பாட்டை ஓடவிட்டு, வீட்டில் மெதுவாகப் பேசுபவரைக் கட்டளை கொடுக்கச் சொல்லுங்கள். கருவிக்குக் கேட்கவில்லையென்றால் வேலை முடியவில்லை. மாதிரி, ஓம், வாட், உத்தரவாதக் காலம் எல்லாம் பில்லில் இருக்கட்டும்.

அனுபவம் இருந்தும் சான்றிதழ் இல்லாதவர்கள், முன்கற்றலை ஏற்கும் வழியில் என்.வி.கியூ. எனப்படும் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழைப் பெறலாம். தொழிற்பயிற்சி அதிகார சபையிலோ நைட்டாவிலோ விசாரியுங்கள். ஹோம்ஸ்டே, ஹோட்டல் வேலைகளுக்கு விலை கொடுக்கும்போது கைத்திறமைக்கு அது எழுத்தில் சாட்சி.