மீனும் இரசாயனமும்

உண்ணும் உணவே நம் உடலை வளர்க்கிறது. அதே உணவில் சேரத்தகாத பொருள் சிறிதளவு சேர்ந்தாலும் உடல் கெடுகிறது. வீட்டில் நால்வருக்குச் சமைப்பவருக்கும், ஓட்டலில் நானூறு பேருக்குச் சமைப்பவருக்கும் இது பொருந்தும். எந்தப் பொருளுக்கு எது இடம் என்று அறிந்து நடப்பதே உணவுப் பாதுகாப்பின் முதற்பாடம். மீனை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனைக் காண்போம்.

குப்பத்து மீன்

சென்னைப் பெசன்ட் நகரில், அடையாறு கடலோடு கலக்கும் இடத்தின் அருகே ஊரூர் ஒல்காட் குப்பம் என்னும் மீனவர் ஊர் உள்ளது. இவ்வூரார் சிறு படகுகளில் கடலுக்குச் செல்கின்றனர். கரைக்கு வந்த மீனைப் பெண்கள் அருகிலேயே கூறு வைத்து விற்கின்றனர். காலையில் வாங்கிய மீன் மதியம் குழம்பாகிவிடும். அதற்குச் சிறிது ஐஸ் இருந்தால் போதும். வேறு மருந்து வேண்டியதில்லை.

ஆனால் சென்னை போன்ற பெருநகருக்குக் குப்பத்து மீன் மட்டும் போதாது. மேலும், மீன்கள் இனப்பெருக்கம் செய்வதற்காக ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் மீன்பிடிக்கத் தடை உள்ளது. அந்நாட்களில் வெளி மாநில மீன் லாரிகளில் மிகுதியாக வருகிறது. வழி நீண்டால் மீன் கெடும் என்ற அச்சமும் வளர்கிறது.

ஐஸ் செய்யும் வேலை

மீன் இறந்தவுடன் பாக்டீரியாக்கள் அதன் தசையைச் சிதைக்கத் தொடங்குகின்றன. சூரை, கானாங்கெளுத்தி போன்ற மீன்களை வெப்பத்தில் வைத்தால் ஹிஸ்டமின் என்னும் நச்சுப்பொருள் உண்டாகிறது. பிறகு எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது அழியாது. எனவே ஒரு அடுக்கு மீன், ஒரு அடுக்கு ஐஸ் என்று வைத்துக் குளிர்ச்சியைக் காப்பதே நேர்மையான வழி.

பார்மலின்

ஐஸுக்குச் செலவு செய்ய மனமில்லாத சிலர் நாடும் குறுக்குவழி பார்மலின். பார்மால்டிஹைடு என்னும் வாயு ஏறத்தாழ 40 விழுக்காடு கலந்த நீர் இது. ஆய்வகச் சாடியில் தவளையையும் மீனையும் ஆண்டுக்கணக்கில் கெடாமல் வைத்திருப்பது இதுதான். இது புரதத்தை இறுகச் செய்வதால் பாக்டீரியாக்கள் அதைச் சிதைக்க முடிவதில்லை. சாடியில் நமக்கு ஆசிரியனாக இருக்கும் பொருள், தட்டில் பகைவனாகிவிடுகிறது. பார்மால்டிஹைடு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கவல்லது என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2004இல் அறிவித்தது.

2018 ஜூன் மாதம் கேரள எல்லையில் பார்மலின் கலந்த மீன் ஆயிரக்கணக்கான கிலோ பிடிபட்டது. அடுத்த மாதம் சென்னையில் காசிமேடு, சிந்தாதிரிப்பேட்டைச் சந்தைகளின் மீன் மாதிரிகள் சிலவற்றிலும் பார்மலின் இருந்ததாகச் செய்தி வந்தது. மக்கள் மீன் வாங்கவே தயங்கினர். எவரோ செய்த தவற்றுக்காக, அன்றன்று பிடித்து அன்றன்று விற்கும் ஏழை மீனவரும் நட்டப்பட வேண்டுமா? உணவில் நஞ்சு கலப்பவர் உண்பவருக்கு மட்டுமன்றி, உழைப்பவருக்கும் தீங்கு செய்கிறார்.

கண்ணும் செவுளும் மங்கியிருக்க, உடல் மட்டும் ரப்பர் போல விறைத்திருந்தால் ஐயப்பட வேண்டும். ஆயினும் கண்ணால் மட்டும் உறுதி சொல்ல இயலாது. கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம், நிறம் மாறிக் காட்டும் சோதனைத் தாளை உருவாக்கியுள்ளது.

சமையலறையில் எச்சரிக்கை

தெரிந்து கலப்பது ஒரு குற்றம். கவனக்குறைவால் கலந்துவிடுவது மற்றொன்று. 2013 ஜூலை 16 அன்று பீகார் மாநிலம் சாரண் மாவட்டத்துப் பள்ளியொன்றில் மதிய உணவு உண்ட 23 குழந்தைகள் இறந்தனர். பூச்சிக்கொல்லி இருந்த கலனில் சமையல் எண்ணெய் வைக்கப்பட்டதே காரணம் என்று விசாரணையில் தெரிந்தது. நம்மைப் போல் பள்ளிக்குப் புறப்பட்டுப் போன பிள்ளைகள் அவர்கள்!

ஆகவே ஓட்டலிலும் வீட்டிலும் கடைப்பிடிக்க வேண்டியவை:

1. பினாயில், ஆசிட், பூச்சி மருந்து ஆகியவற்றை அரிசி பருப்பு இருக்கும் அறையில் வைக்கலாகாது. தனி அலமாரியில் பூட்டி வைக்க வேண்டும்.

2. அவற்றைக் குடிநீர் பாட்டிலில் ஊற்றி வைக்கலாகாது. மருந்து வந்த டப்பாவைக் கழுவி உணவுக்குப் பயன்படுத்தவும் கூடாது.

3. பிளீச்சிங் பவுடருடன் ஆசிட் சேர்ந்தால் குளோரின் வாயு வெளிப்படும். அறிவியல் பாடத்தில் நாம் படிக்கும் அதே வாயுதான். இரண்டையும் ஒருபோதும் கலக்கக் கூடாது.

4. உணவின் வாடையோ நிறமோ மாறியிருப்பதாகச் சமைப்பவர் சொன்னால், பரிமாறுவதை உடனே நிறுத்த வேண்டும்.

முடிவுரை

2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் நமக்குக் காவலாக உள்ளது. ஓட்டல்களில் 14 இலக்க உரிம எண்ணை மாட்டியிருப்பதை நாம் காணலாம். ஆனால் பூட்டிய சமையலறைக்குள் எப்போதும் அதிகாரி நிற்க முடியாது; அங்கே மனச்சாட்சிதான் காவல். நம்மில் சிலர் நாளை ஓட்டல் நடத்தலாம், பலர் குடும்பத்துக்குச் சமைக்கலாம். நம் பிள்ளைக்குத் தர மாட்டாத உணவைப் பிறர் பிள்ளைக்குத் தரமாட்டோம் என்று தோழியரே, இன்றே உறுதி கொள்வோம்.