இருளில் உழைக்கும் செல்கள்



ஒளியை உணரும் செல், ஒளி பட்டவுடன் விழித்தெழுந்து குறிப்பு அனுப்பும் என்றும் இருளில் ஓய்ந்து கிடக்கும் என்றும் எண்ணுவது இயல்பே. மனிதக் கண்ணில் நடப்பதோ இதற்கு நேர்மாறு. கண்ணின் பின்சுவரை உள்ளிருந்து மூடியிருக்கும் மெல்லிய நரம்புப் படலமான விழித்திரையில், மங்கிய ஒளிக்குரிய குச்சி செல்கள் ஏறத்தாழ 10 கோடியும், நிறத்தையும் நுண்விவரத்தையும் பிரித்தறியும் கூம்பு செல்கள் ஏறத்தாழ 60 லட்சமும் உள்ளன. இவ்விரு வகையும் இருட்டில்தான் மிகுதியாக உழைக்கின்றன; வெளிச்சம் வந்ததும் அடங்குகின்றன.

இதற்கான விளக்கம் செல்சவ்வில் உள்ள நுண்துளைகளில் இருக்கிறது. இருளில், சைக்ளிக் ஜிஎம்பி என்ற சிறு மூலக்கூறு அத்துளைகளைத் திறந்தே வைத்திருப்பதால் சோடியம் அயனிகள் இடைவிடாது உள்ளே பாய்கின்றன. பாய்ந்தவற்றை வெளியேற்றுவதற்குச் செல் தன் ஆற்றலைச் செலவிட்டபடியே இருக்க, அதன் மறுமுனையிலிருந்து குளூட்டமேட் என்ற வேதிப்பொருள் அடுத்த நரம்புச் செல்லை நோக்கிச் சுரந்துகொண்டே இருக்கிறது. ஒளித்துகள் ஒன்று வந்து ரோடாப்சின் என்ற நிறமிப் புரதத்தில் சேர்ந்ததும், அதனுள் வளைந்து கிடக்கும் ரெட்டினால், அதாவது வைட்டமின் ஏ-யிலிருந்து உருவாகும் மூலக்கூறு, ஒரு நொடியின் லட்சம் கோடியில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்தில் நிமிர்ந்துவிடுகிறது. அதனால் வடிவம் மாறிய ரோடாப்சின், டிரான்ஸ்டூசின் என்ற புரதத்தின் பல மூலக்கூறுகளைத் தூண்ட, அவை ஒரு நொதியைத் தூண்ட, அந்நொதி சைக்ளிக் ஜிஎம்பியைச் சிதைக்க, துளைகள் மூடிக்கொண்டு குளூட்டமேட் சுரப்பு குறைகிறது. ஒளி வந்தது என்று மூளைக்குச் செல்லும் செய்தியின் தொடக்கம் இந்தக் குறைவுதான்.

ஒவ்வொரு படியிலும் விளைவு பெருகுவதால், ஒற்றை ஒளித்துகளே ஒரு குச்சி செல்லுக்குப் போதுமானது. தேரையின் குச்சி செல் ஒன்றை நுண்ணிய கண்ணாடிக் குழாய்க்குள் உறிஞ்சிப் பிடித்து, அதன் மின்னோட்டத்தை அளந்த பெய்லர், லாம்ப், யாவ் ஆகியோர் 1979-இல் இதை நேரடியாகவே காட்டினர். இந்த நுண்ணுணர்வை ஆய்வகமின்றியும் நீ சோதித்துப் பார்க்கலாம். தெருவிளக்கு இல்லாத இடத்தில் அரை மணி நேரம் இருந்துவிட்டு, மிக மங்கலான ஒரு விண்மீனை நேராக உற்றுப் பார்த்தால் அது மறையும். பார்வையைச் சற்றே விலக்கினால் மீண்டும் தெரியும். பார்வையின் நட்ட நடுவில் கூம்பு செல்கள் மட்டுமே நெருங்கியிருக்க, குச்சி செல்கள் அதைச் சுற்றியே அமைந்திருப்பதுதான் காரணம்.

நிமிர்ந்த ரெட்டினாலை மீண்டும் வளைக்காவிட்டால் அது அடுத்த ஒளித்துகளுக்குப் பயன்படாது. குச்சி செல்லால் தனியே அதைச் செய்ய இயலாது. விழித்திரைக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் நிறமிச் செல்களின் அடுக்கு அதை வாங்கி, ஆர்பிஇ65 என்ற நொதியின் உதவியால் பழைய வடிவுக்குக் கொண்டுவந்து திருப்பித் தருகிறது. அந்த நொதிக்குரிய மரபணு இரு பிரதிகளிலும் பழுதானவர்கள் இளமையிலேயே பார்வை இழக்கின்றனர். அவர்களுக்காக உருவான மரபணுச் சிகிச்சைக்கு 2017-இல் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது.

மரபணு நலமாக இருந்தாலும், உணவில் வைட்டமின் ஏ குறைந்தால் இச்சுழற்சி நொண்டும். அந்தி சாய்ந்ததும் குழந்தை தடுமாறும் மாலைக்கண் அதன் முதல் அடையாளம். அக்குறை கண்ணோடு நிற்பதில்லை என்பதற்குத் தமிழ்நாடே சான்று தந்தது: திருச்சி மாவட்டத்தில் சுமார் 15,000 சிறுகுழந்தைகளிடையே வாரந்தோறும் சிறிதளவு வைட்டமின் ஏ கொடுத்துப் பார்த்த ஆய்வில், அது பெற்ற குழந்தைகளின் இறப்பு பாதிக்கும் மேல் குறைந்திருந்ததாக 1990-இல் வெளியிடப்பட்டது. முருங்கைக்கீரையில் உள்ள கரோட்டின் உடலில் வைட்டமின் ஏ-யாக மாறுவது. ஆயினும் கொழுப்பின் துணையின்றி அது குடலில் சரிவர உறிஞ்சப்படாது. ஆகவே பொரியலில் எண்ணெயை அறவே தவிர்ப்பது, கீரையின் பயனில் ஒரு பகுதியை வீணாக்குவதாகும்.

நிறமி அடுக்குக்கு இன்னொரு வேலையும் உண்டு. குச்சி செல்லின் ஒளிபடும் பகுதி, அப்பளக் கட்டைப் போல அடுக்கிய ஏறத்தாழ 1,000 மெல்லிய தட்டுகளால் ஆனது. அடியில் புதிய தட்டுகள் பிறக்க, நுனியிலுள்ள பழையவை உதிர, உதிர்ந்தவற்றை நிறமிச் செல்கள் விழுங்கிச் செரிக்கின்றன. ரிச்சர்ட் யங் 1967-இல் விலங்குகளில் கண்டறிந்த இப்புதுப்பித்தலில், பாலூட்டிகளின் தட்டடுக்கு முழுவதும் ஏறத்தாழ பத்து நாள்களில் மாறிவிடுகிறது. தட்டுகள் மாறினாலும் செல் மாறுவதில்லை. மனிதரிடம் ஒளியுணர் செல்கள் பிறந்தபின் பகுப்படைவதில்லை. இறந்த செல்லுக்கு மாற்று வருவதில்லை. விழித்திரை நிறமி அடுக்கிலிருந்து பிரிந்துவிட்டால் ரெட்டினாலைத் திருப்பித் தருவதும் இந்தத் துப்புரவும் ஒருசேர நின்றுபோகும் என்பதால், திடீரெனக் கண்ணில் மின்னல் தோன்றுவதும், கரும்புள்ளிகள் மிதப்பதும், பக்கத்திலிருந்து திரை விழுவதுபோல் தெரிவதும் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டிய அறிகுறிகளாகும்.

கைப்பேசித் திரையின் நீல ஒளி விழித்திரையைக் கருக்கிவிடும் என்று சொல்லிக் கண்ணாடி விற்பவர்களின் வாதத்துக்குத் தகுந்த ஆதாரம் இல்லை. அவ்வொளி அதற்குப் போதாத அளவு மெலிந்தது. கிரகண நேரத்தில் சூரியனை வெறுங்கண்ணால் பார்ப்பதோ உண்மையான ஆபத்து. விழித்திரையில் வலியுணரும் நரம்புகள் இல்லாததால், செல்கள் சிதையும்போது ஒன்றும் தெரியாது. நீரிழிவும் இவ்வாறே ஓசையின்றி விழித்திரையின் நுண்ணிய இரத்தக்குழாய்களைக் கெடுத்து, நீர் கசியச் செய்து, ஆண்டுக்கணக்கில் பார்வையைத் தெளிவாகவே விட்டுவைத்து, ஒரு நாள் மங்கச் செய்கிறது. உன் வீட்டில் நீரிழிவு உள்ளவர் இருந்தால், கண் நன்றாகத்தான் தெரிகிறது என்று அவர் மறுத்தாலும், ஆண்டுக்கு ஒருமுறை கண்பாவையை விரிக்கும் சொட்டு மருந்திட்டு விழித்திரையைப் பரிசோதிக்க அவரை அழைத்துச் செல்.