நஞ்சுற்ற ஏடு

தேவாரத்தை அடுத்த பொட்டிப்புரம் மலையைக் குடைந்து நியூட்ரினோ ஆய்வுக்கூடம் அமைக்க 2015ஆம் ஆண்டில் மத்திய அரசு இசைந்தது. எதிர்ப்பு மிகுந்தமையின் அது எழவில்லை. ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் கனமுள்ள பாறை விண்கதிர்களைப் பெரிதும் தடுக்கும் என்றே அம்மலையைத் தேர்ந்தனர். வெளியிலுள்ள கணிப்பொறிக்கு அத்தகைய கவசம் ஏது? விண்கதிரால் பிறந்த துகள் தாக்கின், நினைவகத்தில் 0 என்பது 1 எனத் திரிதல் கூடும். ஓரெழுத்துத் திரியின் பாட்டின் பொருளே கெடுதலைச் சுவடி பயின்றோர் அறிவர். ஒரு பிட் பிழையைத் தாமே திருத்தும் நினைவகங்கள் உள. இரண்டாயின் கண்டறியும், திருத்தமாட்டா. அப்பொழுது லினக்ஸ் கெர்னல், 2009 முதற்கொண்டு, பழுதுற்ற பக்கத்தை நஞ்சுற்றதெனக் குறித்து ஒதுக்குகின்றது. வட்டில் அதன் மாறாத படி இருப்பின் மீண்டும் படித்துக்கொள்ளும். இல்லையேல் அப்பக்கத்தை நம்பிய நிரலையே நிறுத்திவிடும். கடுமைதான், ஆயினும் பிழைபட்ட கணக்கு வெளிச்செல்லாது. கெர்னலின் சொந்தப் பக்கமே பழுதுறினோ, பொறி முழுவதும் நின்றுவிடுதல் கூடும்.