ஆணிப் பட்டறையில் பிறந்த பந்தய சைக்கிள்

கேள்வி: நண்பர் வீட்டில் ஒரு பழைய இத்தாலியப் பந்தய சைக்கிள் இருக்கிறது. தூக்கினால் ஒரு கையிலேயே வந்துவிடுகிறது. எஃகுதான் என்கிறார். எங்கள் வீட்டு சைக்கிளும் எஃகுதான். அதை மாடிக்கு ஏற்றுவதற்குள் மூச்சு வாங்கிவிடுகிறது. எஃகிலேயே இவ்வளவு லேசான வண்டி செய்ய வழி கண்டது யார்?

– வாசகர், கும்பகோணம்

பதில்: நண்பருடைய சைக்கிளின் ரகசியம் குழாய்களுக்கு உள்ளே இருக்கிறது, வெளியே தெரியாது. அதைக் கண்டுபிடித்தவர்கள் ஆணி செய்து பிழைத்தவர்கள்.

இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் 1841இல் ஆணித் தொழில் தொடங்கியது ரெனால்ட்ஸ் குடும்பம். அந்த நூற்றாண்டின் கடைசியில் அந்த ஊரில் சைக்கிள் பட்டறைகள் பெருகின. எல்லாருக்கும் ஒரே தொல்லை. ஃபிரேமை நெருப்பில் பற்றவைக்கும்போது இணைப்புக்கு அருகில் எஃகின் வலு குறைகிறது. ஓட்டுபவரின் எடையும் சாலையின் அதிர்ச்சியும் சேர்ந்து தாக்குவதும் அதே இடத்தைத்தான். மெல்லிய குழாய் அங்கே ஒடியும். தடித்த குழாய் போட்டால் வண்டி கனக்கும். முனைகளுக்குள் துண்டுக் குழாயைச் செருகிச் சமாளித்துப் பார்த்தார்கள்.

ஆல்ஃபிரட் ரெனால்ட்ஸும் ஹியூயிட் என்பவரும் 1897இல் காப்புரிமை பெற்ற வழி வேறு. நடுவில் பருத்தும் முனைகளில் சிறுத்தும் உள்ள உருக்குத் தண்டைக் குழாய்க்குள் விட்டு, அச்சுத் துளை வழியாக இரண்டையும் சேர்த்து இழுத்தார்கள். குழாயின் வெளிப்பக்கம் ஒரே சீராக இருக்கும். உள்ளே நடுப்பகுதி மெலிந்து முனைகள் தடித்து நிற்கும். ஆனால் தண்டு இப்போது உள்ளே சிறைப்பட்டுவிட்டது, முனைகளின் வாய் குறுகல். அதனால் சாய்வாகச் சுழலும் உருளைகளுக்கு இடையில் குழாயை ஓடவிட்டார்கள். குழாய் இம்மியளவு விரியும், தண்டை உருவிவிடலாம். நூற்றிருபது வருடங்களுக்கு மேலாகியும் நல்ல எஃகு ஃபிரேம்கள் இந்த அடிப்படையில்தான் நிற்கின்றன. இந்தத் தீர்வின் அழகு எனக்கு அலுப்பதே இல்லை.

அதே நிறுவனம் 1935இல் மாங்கனீசும் மாலிப்டினமும் கலந்த '531' குழாயைக் கொண்டுவந்தது. மிலானில் 1919இல் ஆஞ்செலோ லூயிஜி கொலம்போ தொடங்கிய தொழிலிலிருந்து 'கொலம்பஸ்' குழாய்கள் வந்தன. அவர்களுடைய புகழ்பெற்ற 'எஸ்எல்' குழாயின் சுவர் முனையில் 0.9 மில்லிமீட்டர், நடுவில் 0.6. இத்தாலிய வண்டியென்றால், உங்கள் நண்பர் வைத்திருப்பது இதுவாகவே இருக்கக்கூடும். சீட்டுக்குக் கீழே குழாயில் ஒட்டிய ஸ்டிக்கர் மிஞ்சியிருந்தால் பார்க்கச் சொல்லுங்கள்.

நம் ஊருக்கும் இதில் ஒரு தொடுப்பு உண்டு. ரெனால்ட்ஸை 1928இல் தன்னோடு சேர்த்துக்கொண்ட 'டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ்' என்ற ஆங்கிலேய நிறுவனம்தான், முருகப்பா குழுமத்துடன் கைகோத்து 1949இல் அம்பத்தூர் டிஐ சைக்கிள்ஸுக்கு வித்திட்டது. 1980இல் யூப் ஸூட்டெமெல்க் டூர் டி பிரான்ஸை வென்றது 'டிஐ-ராலே' அணிக்காக. அந்த டிஐயும் இந்த டிஐயும் ஒரே வேரில் வந்தவை.

ஸூட்டெமெல்க் ஓட்டிய ஃபிரேம் ரெனால்ட்ஸ் '753'. சூடேற்றிப் பதப்படுத்தி, இன்னும் மெலிதாக இழுத்த குழாய் அது. பித்தளை உருகும் சூட்டில் பதம் கெட்டுவிடும் என்பதால் குறைந்த சூட்டில் உருகும் வெள்ளிக் கலவையால்தான் பற்றவைக்க வேண்டும். கேட்டவர்களுக்கெல்லாம் ரெனால்ட்ஸ் இதை விற்கவில்லை. பற்றவைத்த மாதிரி இணைப்பு ஒன்றை அனுப்பி, சோதனையில் தேறிய கைவினைஞருக்கு மட்டுமே குழாய். குழாய் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் கடைசியில் வண்டியைக் காப்பாற்றுவது நெருப்பைப் பிடிக்கிற கை என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அப்படிப்பட்ட கைகளில் பல, மிலானிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் இருந்தன. விகொரெல்லி பந்தய அரங்கத்தின் அடியிலேயே பட்டறை வைத்திருந்த ஃபலியெரோ மாசியைத் 'தையல்காரர்' என்றே அழைத்தார்கள். வீரரின் உடலை அளந்துதான் ஃபிரேமை வெட்டுவார். கம்பியாகோவில் 1954இல் சிறு கடை திறந்த எர்னெஸ்டோ கொல்நாகோ, பந்தய வீரர் எடி மெர்க்ஸின் ஒரு மணி நேரச் சாதனைக்காகச் செய்த சைக்கிளின் எடை 5.75 கிலோ. எடை குறைக்க சங்கிலியில்கூடத் துளை போட்டார். 1972 அக்டோபரில் மெக்சிகோ நகரில் மெர்க்ஸ் அதில் 49.431 கிலோமீட்டர் ஓடினார். அதே மெர்க்ஸுக்குப் பின்னர் ஊகோ தெ ரோசாவும் ஃபிரேம் செய்தார். பெரும் வீரர்களின் வண்டிகளில் மேலே எழுதியிருந்தது பல சமயம் அணியை நடத்திய நிறுவனத்தின் பெயர். உள்ளே இருந்த உழைப்பு வேறொருவருடையது. படங்களில் அந்த வண்டிகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது உறுத்தும்.

கேள்வி: இப்போது பந்தயமெல்லாம் கார்பனில்தானே? எஃகு முழுக்கப் போய்விட்டதா?

– வாசகர், மதுரை

பதில்: டூர் டி பிரான்ஸில் 1990களோடு எஃகின் காலம் முடிந்தது. முதலில் அலுமினியம், பிறகு கார்பன். ஜப்பானின் 'கெய்ரின்' பந்தயத்தில் மட்டும் எஃகு விதியாகவே நிலைத்திருக்கிறது.

போரில் சிதைந்த நாட்டை மீட்கப் பணம் திரட்ட, 1948இல் கோகுரா நகரில் தொடங்கிய பந்தயம் இது. யார் வெல்வார் என்று மக்கள் பணம் கட்டுவதால், வெற்றியை வண்டி தீர்மானிக்கக் கூடாது, கால் தீர்மானிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. ஆண்கள் பிரிவில் எஃகு ஃபிரேம், ஒரே கியர், பிரேக் கிடையாது. ஒவ்வொரு பாகத்திலும் 'என்ஜேஎஸ்' அங்கீகார முத்திரை வேண்டும். அங்கீகாரம் பெற்ற பட்டறைகளில்தான் ஃபிரேம் செய்ய முடியும். அப்படி அங்கீகாரம் பெற்ற கைவினைஞர்களில் ஒருவரான யோஷியாகி நாகசாவா இத்தாலிக்குப் போய் பொல்யாகி என்ற ஃபிரேம் கைவினைஞரிடமும் தெ ரோசாவிடமும் தொழில் கற்றவர். அவர் செய்த சைக்கிள்களில் ஓடிய கோயிச்சி நகானோ, 1977 முதல் 1986 வரை தொடர்ந்து பத்து முறை உலக ஸ்பிரின்ட் பட்டம் வென்றார். கெய்ரின் வீரர்கள் இன்றும் தங்கள் உடல் அளவைக் கொடுத்துத்தான் ஃபிரேம் சொல்லிவைக்கிறார்கள்.