முதுகுக்கவசம்: வாங்கும் முன் அறிய வேண்டியவை

பெப்ரவரி மாதத்து விளையாட்டு விடுமுறை நெருங்கும்போது, சுவிற்சர்லாந்தில் வாழும் நம் குடும்பங்கள் பலவற்றில் பனிச்சறுக்குப் பற்றிய பேச்சு எழுகின்றது. பெற்றோருள் பலர் சிறுவயதில் பனியையே கண்டிராதவர்கள். பிள்ளைகளோ பாடசாலை முகாமில் சறுக்கப் பழகி, சில ஆண்டுகளில் சீரமைத்த பாதையில் செல்வது போதாதென்று, மேடுகளில் தாவிப் பாயும் ஸ்னோபார்க்கையும் பாதைக்கு வெளியேயுள்ள புதுப்பனிச் சரிவுகளையும் நாடுகின்றார்கள். அந்நிலையில் முதுகுக்கவசம் தேவையா, எதனை வாங்குவது என்ற கேள்விகள் பிறக்கின்றன. கடைகளில் ஜேர்மன் மொழியில் ‘ரூக்கன்புரொடெக்டர்’ என்று வழங்கும் இப்பொருள் என்ன செய்யும், என்ன செய்யாது என்பதை அறிந்து வாங்குவதற்கு இக்கட்டுரை உதவும்.

முதுகெலும்பு எங்கே முறிகின்றது?

நமது முதுகெலும்பு கழுத்தில் 7, மார்புப் பகுதியில் 12, நாரிப் பகுதியில் 5 என அடுக்கப்பட்ட முள்ளெலும்புகளாலும், அவற்றின் கீழ் ஒன்றிணைந்து நிற்கும் திருவெலும்பு, வாலெலும்பு ஆகியவற்றாலும் ஆனது. முள்ளெலும்புகளின் நடுவே முண்ணாண் எனப்படும் தண்டுவடம் செல்கின்றது. எலும்பு முறிந்தால் அது பெரும்பாலும் மீண்டும் பொருந்திவிடும். முண்ணாண் அவ்வாறன்று. அது நசுங்கினாலோ அறுந்தாலோ, கால்களின் இயக்கமும் உணர்வும் சிறுநீர், மலம் ஆகியவற்றின் கட்டுப்பாடும் நிரந்தரமாக இழக்கப்படலாம். முதுகைக் காப்பது பற்றிய பேச்சில் உண்மையில் காக்கப்பட வேண்டியது இதுவே.

மார்புப் பகுதியின் முள்ளெலும்புகள் விலா எலும்புகளோடு பிணைந்திருப்பதால் அதிகம் அசைவதில்லை. நாரிப் பகுதியோ நன்கு வளையும். அசையாத பகுதியும் அசையும் பகுதியும் சந்திக்கும் இடத்தில், அதாவது மார்பின் கடைசி முள்ளெலும்பும் நாரியின் முதல் முள்ளெலும்பும் உள்ள இடத்தில், விழும் வேகம் முழுவதும் குவிகின்றது. பனிச்சறுக்கில் ஏற்படும் முதுகெலும்பு முறிவுகளில் பெரும் பங்கு இவ்விடத்தைச் சுற்றியே நிகழ்கின்றது. ஆகவே நாரியின் மேற்பகுதியை மூடாத கவசம் முக்கியமான இடத்தையே விட்டுவிடுகின்றது.

கவசம் எதனைத் தடுக்கும், எதனைத் தடுக்காது?

முதுகில் விழும் அடி இரு வகைப்படும். பாறை, மரக்கட்டை, இரும்புக் கம்பி, மற்றொருவரின் சறுக்குப் பலகை ஆகியவை பின்புறமிருந்து நேராகத் தாக்குவது முதல் வகை. இங்கே கவசம் நன்கு பயன்படுகின்றது. அது அடியை அகன்ற பரப்பில் பரப்பி, தாக்கும் நேரத்தைச் சற்று நீட்டி, உடலுக்குச் செல்லும் விசையைக் குறைக்கின்றது. தசைக் காயம், விலா முறிவு, முள்ளெலும்பின் பக்க முனைகள் உடைதல், கூர்மையான பொருள் குத்துதல் ஆகியவற்றின் ஆபத்தை இதனால் குறைக்கலாம்.

இரண்டாவது வகை, தாவிப் பாய்ந்தவர் பிட்டம் தரையில் படும்படி விழுவது. அப்போது விசை முதுகெலும்பின் நீளவாட்டில் கீழிருந்து மேலாக ஏறி, முள்ளெலும்பை நசுக்குகின்றது. உடல் அளவுக்கு மீறி முன்புறம் மடிவதும் முறுக்கிக்கொள்வதும் இவ்வாறே தீங்கு செய்யும். முதுகின் மேல் கட்டிய தகடு இவற்றைத் தடுக்க இயலாது. முண்ணாணைச் சேதப்படுத்தும் கடுமையான காயங்கள் பெரும்பாலும் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவை என்பதைப் பெற்றோரும் பிள்ளைகளும் மனத்தில் இருத்த வேண்டும்.

2015 டிசம்பர் 19 அன்று இத்தாலியின் வால் கார்டேனாவில் நடந்த உலகக் கிண்ணப் போட்டியில், ஆஸ்திரிய வீரர் மத்தியாஸ் மாயர் மிகுந்த வேகத்தில் விழுந்தார். அவர் அணிந்திருந்த காற்றுப்பை மேலாடை உரிய நொடியில் விரிந்தது. இருப்பினும் அவருடைய மார்பு முள்ளெலும்புகள் இரண்டு முறிந்தன. சிகிச்சை பெற்று மீண்ட அவர், 2018இலும் 2022இலும் ஒலிம்பிக் தங்கப் பதக்கம் வென்றார். மிகச் சிறந்த காப்பும் காயத்தைக் குறைக்குமேயன்றி, காயமே வராது என்று உறுதியளிக்காது.

சீட்டில் எழுதியிருப்பது என்ன?

சந்தையிலுள்ள பெரும்பாலான முதுகுக்கவசங்கள், மோட்டார் சைக்கிள் ஓட்டுவோருக்காக வகுக்கப்பட்ட ஈ.என். 1621-2 என்னும் ஐரோப்பியத் தரத்தின்படி சோதிக்கப்படுகின்றன. சோதனைச்சாலையில் 5 கிலோ எடையுள்ள இரும்பு 50 ஜூல் ஆற்றலோடு கவசத்தின்மேல் விழச் செய்யப்படுகின்றது. ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்கு இது ஒப்பாகும். கவசத்தைத் தாண்டி மறுபுறம் செல்லும் விசையின் சராசரி 18 கிலோநியூட்டனுக்கு மேற்படாதது முதலாம் நிலை. 9 கிலோநியூட்டனுக்கு மேற்படாதது இரண்டாம் நிலை. அதாவது இரண்டாம் நிலைக் கவசம் பாதியளவு விசையையே உள்ளே விடுகின்றது. தாவிப் பாய்வோரும் பாதைக்கு வெளியே செல்வோரும் இரண்டாம் நிலையைத் தெரிவு செய்வது நன்று.

ஆயினும் இவ்வெண்களை அளவோடு நம்ப வேண்டும். 60 கிலோ எடையுள்ளவர் ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தாலே ஏறத்தாழ 590 ஜூல் ஆற்றல் வெளிப்படும். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் சறுக்கும்போது அவ்வுடல் கொண்டிருக்கும் ஆற்றல் ஏறத்தாழ 3,700 ஜூல். இவ்வாற்றல் முழுவதும் ஓரிடத்தில் விழுவதில்லை என்பது உண்மையே. ஆயினும் சோதனைச்சாலையின் அடிக்கும் மலையின் அடிக்கும் உள்ள தொலைவை இது உணர்த்தும்.

சீட்டில் ஆங்கில எழுத்துகளில் வேறு சில குறிகளும் இருக்கும். எப்.பி. என்பது முதுகு முழுவதையும், சி.பி. என்பது நடுப்பகுதியை மட்டும், எல்.பி. என்பது கீழ்ப்பகுதியை மட்டும் மூடும் கவசத்தைக் குறிக்கும். ‘டி’ என்ற எழுத்தின் அருகே கழித்தல் குறி இருந்தால், அக்கவசம் −10 பாகை செல்சியஸ் குளிரிலும் சோதிக்கப்பட்டது என்று பொருள். இச்சோதனை கட்டாயமானதன்று. ஆகவே பனியில் அணிவதற்கு வாங்குவோர் இக்குறி உண்டா என்று பார்த்து வாங்குவது பயன் தரும்.

வன்மையானதா, மென்மையானதா?

வன்மையான வகையில், ஆமையோடு போல் ஒன்றன்மேலொன்று படிந்த கெட்டித் தகடுகள் வெளியேயும், மெத்தை உள்ளேயும் இருக்கும். கூரிய பாறையோ கம்பியோ குத்தாமல் தடுப்பதில் இது சிறந்தது. குறைபாடு, பருமனாக இருப்பதும் உடல் வளையும்போது சற்று விலகி நிற்பதும் ஆகும்.

மென்மையான வகை தனிச்சிறப்புள்ள நுரைப்பொருளால் ஆனது. மெதுவாக அழுத்தினால் வளைந்து கொடுக்கும் அப்பொருள், திடீரென அடி விழும்போது இறுகி அதிர்ச்சியை உள்வாங்கிக்கொள்ளும். உடலோடு ஒட்டியிருப்பதால் நாள் முழுவதும் அணிய எளிது. ஆனால் இத்தகைய நுரை குளிரில் விறைக்கும் இயல்புடையது. இரவு முழுவதும் காருக்குள் வைத்துவிட்டுக் காலையில் எடுத்து அணிவதைத் தவிர்க்க வேண்டும். வீட்டினுள் வைத்து, குளிராடைக்குள் உடற்சூட்டோடு அணிந்தால் அது தன் இயல்போடு இருக்கும்.

ஸ்னோபார்க்கில் பலமுறை விழுந்தெழும் இளையோருக்கு உடலை நன்கு வளைக்க இடந்தரும் மென்கவச மேலாடை பொருத்தமானது. பிட்டத்தையும் வாலெலும்பையும் மூடும் மெத்தைக் காற்சட்டையைச் சேர்த்து அணிவது மேலும் நல்லது. பாறையும் மரக்கட்டையும் மெல்லிய பனிக்கடியில் மறைந்திருக்கும் பாதைவெளிச் சரிவுகளுக்கு, கெட்டித் தகடுள்ள வகையையோ இரண்டும் கலந்த வகையையோ கருதலாம். அங்கே முதுகுப்பை சுமப்பவர்கள் மண்வெட்டி போன்ற கடினப் பொருள்கள் முதுகெலும்போடு அழுந்தாதவாறு அடுக்க வேண்டும். பனிச்சரிவுக் காற்றுப்பை முதுகுப்பையை முதுகுக்கவசம் என எண்ணிவிடலாகாது. அது பனிச்சரிவில் அகப்பட்டவர் புதையாமல் மேலே நிற்க உதவும் கருவி.

அளவு பார்க்கும் முறை

கவசத்தின் அளவு அணிபவரின் உயரத்தைக்கொண்டன்று, முதுகின் நீளத்தைக்கொண்டே தீர்மானிக்கப்படுகின்றது. தோள் மட்டத்திலிருந்து இடுப்பு மட்டம் வரை அளந்து, சீட்டிலுள்ள எண்ணோடு ஒப்பிடுக. கடையில் தலைக்கவசத்தையும் குளிராடையையும் கொண்டுசென்று, அவற்றோடு சேர்த்தே அணிந்து பார்க்க வேண்டும். குந்தியிருந்தும், உடலைத் திருப்பியும், தலையைப் பின்னால் சாய்த்தும் பார்க்கையில் கவசத்தின் மேல்முனை தலைக்கவசத்தை முட்டக் கூடாது. முட்டினால், விழும்போது கழுத்துக்குத் தீங்கு நேரலாம். இடுப்புப் பட்டி இறுக்கமாக நின்று, கவசம் மேலேறாமலும் பக்கத்தில் நகராமலும் இருக்க வேண்டும்.

வளரும் பிள்ளைக்கு ‘அடுத்த ஆண்டும் உதவும்’ என்று பெரிதாக வாங்குவது நம் வீடுகளில் வழக்கம். சட்டைக்கு அது பொருந்தும், கவசத்திற்குப் பொருந்தாது. நகரும் கவசம், காக்க வேண்டிய இடத்தில் இராது. செலவு தடையாயின், அளவான ஒன்றை ஒரு பருவத்திற்கு வாடகைக்கு எடுக்கலாம்.

கடுமையான வீழ்ச்சிக்குப் பின், தகட்டில் வெடிப்போ நுரையில் நிலையான பள்ளமோ உண்டா என்று பார்த்து, இருந்தால் மாற்றிவிட வேண்டும். கழுவிய கவசத்தை வெப்பமூட்டியின் மேல் உலர்த்தலாகாது.

முதுகெலும்புச் சிகிச்சை பெற்றவர்களுக்கு

முறிவுக்குப் பின் மருத்துவமனையில் தரப்படும் ஆதாரப் பட்டி வேறு, விளையாட்டு முதுகுக்கவசம் வேறு. முன்னது ஆறும் எலும்பை அசையாமல் தாங்குவது. பின்னது வெளியிலிருந்து வரும் அடியைத் தணிப்பது. ஒன்றுக்குப் பதிலாக மற்றொன்றை அணியலாகாது. எலும்புத் தேய்வு உள்ளவர்களும், அறுவைச் சிகிச்சை பெற்றவர்களும், கவசம் இருக்கிறதே என்ற துணிவில் சறுக்கச் செல்லாமல், முதலில் தம் மருத்துவரின் சொல்லைக் கேட்க வேண்டும்.

விழுந்தவருக்கு உதவுவது எப்படி?

முதுகிலோ கழுத்திலோ கடும் வலி, கைகால்களில் மரத்தல், பலவீனம் ஆகியவை இருந்தால் அவரை எழுப்பவோ இழுக்கவோ கூடாது. கவசத்தையும் கழற்ற வேண்டாம். தலைக்கவசத்தையும், மூச்சுத் தடைப்பட்டாலன்றி, அவ்வாறே விட்டுவிடுக. மேலிருந்து வருவோர் மோதாதவாறு, சறுக்குப் பலகைகளைச் சற்று மேலே குறுக்காக நட்டு எச்சரிக்கை செய்க. குளிர் தாக்காமல் போர்த்துக. சறுக்குத் தளத்தின் மீட்புப் பணியாளரையோ, 144, 112 என்னும் அவசர எண்களையோ, ரேகா வான்மீட்புச் சேவையின் 1414 என்னும் எண்ணையோ அழைக்கலாம்.

எழுந்து நடந்து வீடு வந்தவரையும் கவனிக்க வேண்டும். முதுகின் நடுவே வலி நீடித்தாலோ, கால்கள் மரத்தாலோ, தொடைகளுக்கு இடைப்பட்ட பகுதியில் உணர்வு குறைந்தாலோ, சிறுநீர் கழிக்க இயலாமற்போனாலோ, விடியட்டும் என்று காத்திராமல் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வரவேண்டும்.

நிறைவாக

தொடக்கநிலையில் சீரமைத்த பாதையில் பழகும் பிள்ளைக்கு முதலில் வேண்டியவை பொருத்தமான தலைக்கவசம், சரியாக அமைத்த காலணிப் பிணைப்பு, நல்ல பயிற்சி ஆகியன. ஸ்னோபோர்டு பழகுவோருக்கு மணிக்கட்டுக் காப்பும் வேண்டும். பாய்ச்சலும் பாதைவெளிச் சறுக்கலும் தொடங்கும்போது முதுகுக்கவசம் சேர வேண்டும். அதனை வாங்கித் தரும் நாளிலேயே, அது எந்த அடியைத் தடுக்காது என்பதையும் பிள்ளைக்குச் சொல்லுங்கள். கவசம் அணிந்த துணிவில் இன்னும் உயரமாகப் பாய்பவருக்கு அதனால் கிடைத்த நன்மை அங்கேயே கரைந்துவிடும். தன் திறமைக்குத் தக்க மேட்டைத் தெரிவு செய்து, இறங்கும் இடத்தை முன்கூட்டியே பார்த்துப் பாய்பவருக்கே கவசம் உண்மையில் துணை நிற்கும்.